ஸ்டட்டோடு வந்த புஷ்

சைலன்சர் நட்டில் ஸ்பானரை வைத்துத் திருப்புகிறோம். முதலில் கல் மாதிரி நிற்கிறது. பிறகு ஒரு "டிக்". அப்புறம் சுலபமாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. இந்தச் சுலபத்தை நம்பித் தொடர்ந்து திருப்பக்கூடாது என்று எங்கள் கடைக்கு வேலை பழக வரும் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். சுற்றுவது நட்டா, ஸ்டட்டா, இல்லை ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரையே பெயர்ந்து வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சுற்று. பார்ப்பதற்கு வழி உண்டு. ஸ்டட் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு, நட்டின் மேல் ஒரு கோடு. கோடுகள் விலகினால் நட்டு கழல்கிறது. இரண்டும் ஒன்றாகச் சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

சமீபத்தில் வந்த ஒரு ஸ்ப்ளெண்டரில் இரண்டு கோடும் ஒன்றாகவே சுற்றின.

வண்டி ஒரு பூக்கார அண்ணனுடையது. மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆரம்பித்துவிட்டால் அவருக்குத் தூக்கம் இல்லை. உலகத்துக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி இருக்கிற காலம் அது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனமெல்லாம் தட்டுத் தட்டாகப் பூவோடு வரும். விடியும் முன்பே நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்புவார். பின்னால் ஈரக் கோணியில் பூ மூட்டை. முன்னால் சைலன்சர் பெண்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் "பட் பட்" என்று புகை கசியும் சத்தம். இரண்டு நாளாக இருக்கிறது, கேஸ்கட் மட்டும் மாத்திக் குடு தம்பி என்றார்.

கேஸ்கட் மாற்றுவது பத்து நிமிட வேலைதான். நட்டு கழன்றால்.

அந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு மில்லி ஸ்டட் இரண்டு நிற்கும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. வண்டியில் அதிகச் சூடு படும் இடமும் அதுதான், முன்சக்கரம் வாரி அடிக்கும் மழைத்தண்ணீர் நேராக வந்து விழும் இடமும் அதுதான். தினமும் சூடாகி, ஆறி, நனைந்து, மறுபடி சூடாகும். வலது பக்க நட்டு மரியாதையாகக் கழன்றது. இடது பக்க நட்டு ஸ்டட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டட்டோடு சுற்றியது. நிறுத்தி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னும் கால் சுற்றாக அசைத்துப் பார்த்தேன். நட்டு பிரியவில்லை. ஸ்டட் மெல்ல வெளியே வந்தது. அதன் உள்முனையில் விரல் நகத்தளவு பித்தளைக் குழாய் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் வெளிப்பக்க மரையில் வெள்ளைப் பொடி.

அதாவது இந்த ஓட்டையில் ஏற்கெனவே ஒருமுறை மரை போயிருக்கிறது. யாரோ ஒருவர் ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளையில் புஷ் கடைந்து, அதில் ஸ்டட்டைப் போட்டிருக்கிறார். அண்ணனிடம் கேட்டேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் வண்டி நின்றபோது எங்கேயோ ஹெட் வேலை பார்த்தார்களாம். என்ன செய்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, பில்லிலும் எழுதவில்லை.

மரை போன ஓட்டைக்கு உயிர் கொடுக்க இரண்டு வழி. ஒன்று ஹெலிகாயில். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த சங்கதி. இரண்டாம் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களில் அலுமினிய மரைகளைக் காப்பாற்றப் பெரிதும் பயன்பட்டது. ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சாய்சதுர வடிவில் உருட்டி ஸ்பிரிங் போலச் சுருட்டியிருப்பார்கள். ஆறு மில்லி மரைக்கு ஓட்டையை 6.3 மில்லிக்குத் துளைத்து, அதற்கென்று இருக்கும் தனி டேப்பால் மரை வெட்டி, அந்தச் சுருளை உள்ளே முறுக்கி விடுவது. இரண்டாவது வழி நம் ஊர் லேத் பட்டறைகள் காலங்காலமாகச் செய்வது. வெளியே பெரிய மரை, உள்ளே சின்ன மரை என்று ஒரு புஷ் கடைந்து திருகிவிடுவது.

ஸ்டட்டோடு வந்தது ஹெலிகாயில் என்றால் கவலையே வேண்டாம். ஓட்டைக்குள் இருக்கும்வரைதான் அந்தச் சுருள் நெருக்குண்டு கிடக்கும். வெளியே வந்ததும் தானே கொஞ்சம் விரிந்துவிடும். துரு பிடித்து ஒட்டியிருந்தால்கூட, கம்பியின் நுனியைக் கூர் ஊசியால் நெம்பி, மூக்கு பிளேயரால் பிடித்து, சுருள் விரிகிற திசையில் இழுத்தால் வந்துவிடும். திசை முக்கியம். இறுகும் திசையில் திருப்பினால் திருப்பத் திருப்ப ஸ்டட்டை இன்னும் கவ்வும், கம்பி அறுந்துபோகும், நுனி கிடைக்காது. ஒருமுறை வெளியே வந்த சுருளைத் திரும்பப் போடுவதில்லை, குப்பைதான். புதுச் சுருள் அதே ஓட்டையில் உட்கார்ந்துவிடும்.

புஷ் அப்படியில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், வெளி விட்டம் பத்து மில்லி. திரெட் கேஜில் 1.25 பிட்ச். ஆறு மில்லி ஸ்டட் இருந்த இடத்தில் இப்போது பத்து மில்லி ஓட்டை. ஹெட்டில் ஸ்டட் நிற்கும் குமிழைச் சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் துவாரம், மறுபக்கம் காற்றுப்படும் ஃபின். நடுவில் மிச்சமிருக்கும் அலுமினியம் ரொம்பக் கம்மி. இதற்கு மேல் பன்னிரண்டுக்குக் குடைந்தால் துவாரத்தின் சுவரே திறந்துகொள்ளும். எங்கள் தொழிலில் சதை இல்லை என்போம். அந்த ஓட்டைக்கு இதுதான் கடைசி மரை. அது போனால் ஹெட்டே போச்சு, அல்லது அலுமினியம் வெல்டிங் வைத்து முதலிலிருந்து துளைக்க வேண்டும்.

அதனால்தான் எனக்கு அந்தப் புஷ் வேண்டியிருந்தது. ஸ்டட்டோ நட்டோ போனால் போகட்டும், கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புஷ்ஷின் வெளி மரை அந்த ஓட்டைக்கென்றே பார்த்துப் பார்த்து இறுக்கமாக வெட்டியது. முதல் ஆள் மற்ற விஷயங்களில் எப்படியோ, லேத் வேலை சுத்தம். கையால் ஓட்டையில் வைத்துப் பார்த்தால் ஆட்டமில்லாமல் உட்கார்கிறது. இன்னொன்று கடைந்தால் இவ்வளவு பொருந்துமா என்பது கடைசலின் கையில். இருப்பதைக் காப்பாற்றுவது மேல்.

ஏன் வெளிப்பக்கம் விட்டுக்கொடுத்தது, உள்பக்கம் விடவில்லை? இது யோசிக்க வேண்டிய கேள்வி. இரண்டு பக்கமும் சிவப்புப் பசை தடவியிருக்கிறார்கள், மரையின் பள்ளத்தில் கருகிய பிசிறு தெரிகிறது. மரைப் பசையைக் கண்டுபிடித்தவர் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர், 1953இல். அருமையான பொருள்தான். ஆனால் சாதாரணச் சிவப்புப் பசை 150 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம் தரும். எக்ஸாஸ்ட் வாயில் அதைத் தாண்டிச் சூடு ஏறும். பசை கருகிப்போகும். அலுமினியம் சூட்டில் பித்தளையைவிட அதிகம் விரியும். அதனால் ஓட்டை தினமும் கொஞ்சம் தளர்ந்து இறுகித் தளர்ந்து, ஈரமும் உள்ளே போய், பித்தளையும் அலுமினியமும் சேர்ந்தால் வருகிற அந்த வெள்ளை அரிப்பும் வந்திருக்கிறது. உள்ளேயோ ஸ்டட் இரும்பு. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். கருகிய பசையோடு சேர்ந்து மரை இடுக்கை அடைத்துக்கொண்டது. பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டது, விட வேண்டிய இடத்தில் பிடித்தது.

இந்த மாதிரி வேலை என்றால் நான் தனியாக முடிவெடுக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் உண்டு. பொன்மலையில் அப்ரண்டிஸ் படித்து அங்கேயே ரிட்டயர் ஆனவர். திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலை என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ரயில்வே ஒர்க்‌ஷாப். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் ஓவர்ஹாலுக்கு இன்றைக்கும் இங்கேதான் இறங்கி வரும். 2011லிருந்து அந்த எக்ஸ் கிளாஸ் எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிக் கொடுத்ததும் பொன்மலைதான். திருச்சியைச் சுற்றி எந்த லேத்தில் நல்ல கை இருந்தாலும், விசாரித்தால் பொன்மலை அல்லது பெல் (BHEL) தொழிற்சாலை என்று போய் நிற்கும்.

பெரியவர் ஸ்டட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ஹெட்டுல மரை நல்லாருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இருக்கு ஐயா என்றேன். "அப்ப அவசரமே இல்ல" என்றார்.

நீராவி பாய்லரைப் பற்றி அவர் சொன்னது இந்த வேலையோடு சேர்ந்தது, அதனால் எழுதுகிறேன். எஞ்சினுக்குள் நெருப்பு எரியும் பெட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும். இரண்டு தகடும் அழுத்தத்தில் பிதுங்காமல் இருக்க நூற்றுக்கணக்கில் ஸ்டே என்ற மரை போட்ட கம்பிகள் குறுக்கே பிடித்திருக்கும். ஒரு ஸ்டே கெட்டால் அதை எடுத்து, ஓட்டையை மறுபடி டேப் ஓட்டி, ஒரு சுற்று பெரிய ஸ்டே போடுவார்கள். அடுத்த முறை இன்னும் பெரியது. ஒரு கட்டத்துக்கு மேல் தகட்டில் இடமிருக்காது. "ஒவ்வொரு ரிப்பேரும் ஓட்டையக் கொஞ்சம் தின்னும் தம்பி. எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும்." நான் சதை என்று சொன்னதைத்தான் அவர் பாய்லர் கணக்கில் சொன்னார்.

புஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்பதுதான் முதல் சிக்கல். வெளியெல்லாம் மரை. பிளேயர் வைத்தால் மரை நசுங்கும், பைஸில் நேராகக் கடித்தால் முட்டை வடிவாகிவிடும். பெரியவர் என் டப்பாவைத் துழாவி ஒரு பழைய ஷாக் அப்சார்பர் நட்டை எடுத்தார். அதுவும் பத்து மில்லி, 1.25 பிட்ச். ஆக்சா பிளேடால் அதன் ஒரு பக்கத்தை மட்டும் கீறிப் பிளந்தார். பிளவு ஓரத்துப் பிசிறை அரத்தால் நீவினார். புஷ்ஷின் மேல் அந்த நட்டைத் திருகி ஏற்றி, பைஸில் வைத்து இறுக்கினார். இறுக்க இறுக்கப் பிளவு மூடி, நட்டு புஷ்ஷைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வியது. மரையை மரையே பிடிக்கும்போது எங்கேயும் காயமில்லை. எத்தனையோ பேர் பத்து ரூபாய் நட்டு பக்கத்தில் இருக்கும்போது பைப் ரெஞ்ச் போட்டுப் பொருளைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டட்டைத் திருப்பக் கைப்பிடி? அது ஏற்கெனவே இருந்தது. மறுமுனையில் கழலாமல் ஒட்டிக்கொண்டிருந்த சைலன்சர் நட்டுதான். நல்ல ஸ்டட்டாக இருந்தால் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று லாக் செய்து திருப்ப வேண்டியிருக்கும். இங்கே துருவே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தது.

பிறகு சூடு. சின்ன கேஸ் டார்ச். ஸ்டட்டின் வெற்று இடத்தை முதலில் எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஏன் என்று அப்போது என் கடைப் பையனுக்குப் புரியவில்லை. பளபளப்பான இரும்பு சூட்டில் நிறம் காட்டும். 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, 300 பக்கம் நீலம். தெர்மாமீட்டர் எதற்கு? சிவப்புப் பசை பிடி விடுவதற்கு 250 தாண்ட வேண்டும். ஆகவே வைக்கோல் நிறம் வந்து பழுப்புக்குத் திரும்பும்வரை பொறுக்க வேண்டும், நீலத்துக்கு மேல் போகத் தேவையில்லை.

நெருப்பை நேராக ஸ்டட்டில் காட்டவில்லை. நட்டோடு சேர்த்துப் புஷ்ஷைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பித்தளை ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் பத்தொன்பது பங்கு விரியும், இரும்பு பன்னிரண்டு பங்குதான். ஆறு மில்லி விட்டத்துக்கு 200 டிகிரி ஏற்றினால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அந்த இடுக்கில் துருவின் பிடி உடைய அது போதும். புஷ் ஸ்டட்டைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் சூட்டில் திருப்பிப் பார்க்கவே இல்லை. கொஞ்சம் ஆறவிட்டு, இன்னும் சூடு இருக்கும்போதே ஒரு மெழுகுவர்த்தியின் அடியைப் புஷ்ஷும் ஸ்டட்டும் சேரும் வாயில் தேய்த்தார். மெழுகு உருகி, நாம் பார்க்கும்போதே இடுக்குக்குள் இழுபட்டு மறைந்தது. எண்ணெய் சூட்டில் புகைந்து போய்விடும். மெழுகு ஆறும்போது உள்ளே தங்கும். இரண்டாவது சூட்டில் நிறம் பழுப்புக்குப் போனது. பசை கருகும் அந்தக் காரமான நெடி வந்தது. அப்போது ஸ்பானரை வைத்தார், கழற்றும் திசையில் அல்ல, இறுக்கும் திசையில். துளி அசைவு. "கிர்ர்" என்று ஒரு சத்தம், மணலை அரைப்பது போல. பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே, கொஞ்சம் கூடுதலாக. துருப்பொடி செம்பழுப்பாக வாயில் வந்து நின்றது. அதை ஊதிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான், புஷ் முழுசாக நட்டுக்குள் தங்கியது, ஸ்டட் வெளியே வந்தது.

இது நடக்காமல் போயிருந்தால் அடுத்த வழியும் தயாராக இருந்தது. படிகாரம். திருஷ்டிக்கு எங்கள் கடை வாசலிலேயே ஒரு கட்டி தொங்குகிறது. படிகாரத்தைக் கொதிநீரில் கரையும் மட்டும் கரைத்து, பொருளை அதில் போட்டுச் சூடு ஆறாமல் வைத்திருந்தால் அது சாதாரண இரும்பைத் தின்னும், பித்தளையைப் பெரிதாகத் தொடாது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் உடைந்த இரும்புத் திருகை எடுக்கச் செய்யும் பழைய வேலை. ஸ்டட் கரைந்து புஷ் மட்டும் மிஞ்சும். மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அலுமினிய ஹெட்டில் டேப் உடைந்து மாட்டிக்கொண்டாலும் ஹெட்டைக் கழற்றி இப்படிச் செய்யலாம், டேப் சாதாரண எஃகாக இருந்தால். ஸ்டெயின்லெஸ்ஸிடம் இது சரியாக வேலை செய்யாது, ஆகவே ஹெலிகாயிலை இதில் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஹெட் பக்கம் என் வேலை. தொடங்கும் முன்பே கிக்கரைக் கையால் தள்ளி எஞ்சினைக் கம்ப்ரஷன் மேலிடத்தில் நிறுத்தியிருந்தேன், எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும். துவாரத்தில் எண்ணெய்த் துணி அடைத்திருந்தேன். பத்து மில்லி ஓட்டையின் மரையைச் சுத்தம் செய்ய டேப் ஓட்டவில்லை. டேப் கத்தி, வெட்டும். வெட்டக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அதே பிட்ச் போல்ட் ஒன்றின் நீளவாக்கில் ஆக்சாவால் இரண்டு பள்ளம் கீறி, கிரீஸ் தடவி, விரலால் மட்டும் திருகி எடுத்தேன். வெள்ளைப் பொடியெல்லாம் பள்ளத்தில் சேர்ந்து வந்தது, அலுமினியம் ஒரு துகள் வரவில்லை.

புஷ்ஷின் உள் மரையில் ஆறு மில்லி டேப்பைக் கையால் ஓட்டிக் கருகின பசையை எடுத்தோம். மாட்டும்போது வெளி மரையில் சூட்டுக்கென்று வரும் பசை மட்டும் மெல்லிசாக, அதுவும் பாதி ஆழத்துக்கு. அது அரிப்புக்குத் தடுப்பாகவும் இருக்கும். பசையை மட்டும் நம்பாமல், புஷ் உட்கார்ந்த பிறகு அதன் விளிம்பில் பெரியவர் சென்டர் பஞ்சால் எதிரெதிரே லேசாக இரண்டு தட்டுத் தட்டினார். பித்தளை அலுமினியத்தின் பக்கம் கொஞ்சம் மலர்ந்து பிடித்துக்கொண்டது, இனி ஸ்டட்டோடு சுற்றாது. ஓங்கி அடித்தால் குமிழ் விரிசல் விடும் என்பதால் சின்னச் சுத்தியல்தான்.

புது ஸ்டட் இரண்டு, உள்முனையில் செம்புப் பேஸ்ட் தடவிக் கையிறுக்கம். நட்டு மட்டும் பித்தளையில் போட்டேன். எக்ஸாஸ்ட்டில் இரும்பு ஸ்டட்டின் மேல் இரும்பு நட்டு துருவால் பற்றிக்கொள்ளும், பித்தளை நட்டு பற்றாது. கார் கம்பெனிக்காரர்கள் பல பேர் மேனிஃபோல்டுக்கு அதைத்தான் போடுகிறார்கள். விலை கொஞ்சம்தான் கூட. இறுக்குவது ஒரு கிலோகிராம்-மீட்டர் டார்க் அளவு போதும், ஆறு மில்லி ஸ்டட் அதற்கு மேல் கேட்காது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஃபிளாஞ்ச் சாய்ந்து கேஸ்கட் ஒருபக்கமாக நசுங்கும். மறுபடி அதே "பட் பட்".

முதல் ஆள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். புஷ் போட்டது சரி. ஓட்டையைப் பத்துக்கு ஏன் போனார், எட்டில் நிறுத்தி ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் ஆறு என்று படி வைத்த ஸ்டட் கடைந்திருக்கலாமே என்பது என் வருத்தம். அப்படிச் செய்திருந்தால் பத்து மில்லி இன்றைக்கு நமக்குக் கையிருப்பாக இருந்திருக்கும். ஒருவேளை எட்டும் ஏற்கெனவே போயிருக்கலாம். எதுவும் எழுதி வைக்காததால் தெரிய வழியில்லை.

அண்ணன் வண்டியை எடுக்க வந்தபோது பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: "எக்ஸாஸ்ட் இடது ஸ்டட், பித்தளை புஷ், வெளி 10 × 1.25, உள் 6 × 1. விளிம்பில் பஞ்ச் லாக். இதற்கு மேல் குடைய இடமில்லை. நட்டு பித்தளை. கழற்றும் முன் சூடு காட்டவும்." ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். அதே வரியைப் பெயிண்ட் மார்க்கரால் சுருக்கி சீட்டுக்கு அடியிலும் எழுதியிருக்கிறேன். எந்த ஊரில் யார் கையில் அந்த நட்டு அடுத்து மாட்டினாலும், ஸ்பானர் வைக்கும் முன் அவர் கண்ணில் படட்டும்.